‘கெட்’: ஒரே வினை, பல பொருள். எதை எங்கே வைப்பது?

“‘கெட்’ என்ற ஆங்கில வினைக்கு அகராதியில் பக்கம் பக்கமாகப் பொருள் போட்டிருக்கிறார்கள். அத்தனையையும் மனப்பாடம் செய்துதான் ஆகவேண்டுமா, இல்லை இதற்குள் ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா?” என்பது கேள்வி.

மனப்பாடம் தேவையில்லை, ஒழுங்கு இருக்கிறது. ‘கெட்’டுக்குப் பின்னால் என்ன வந்து உட்காருகிறது என்பதுதான் அதன் பொருளைத் தீர்மானிக்கிறது. பெயர்ச்சொல் வந்தால் ஒரு பொருள், ‘டயர்ட்’ மாதிரி நிலையைச் சொல்லும் சொல் வந்தால் இன்னொன்று. இடம் வந்தாலும் வேறொரு வினை வந்தாலும் மறுபடி மாறும். இந்த அமைப்புகளைப் பிடித்துக்கொண்டால் அன்றாடப் பேச்சில் வரும் பெரும்பாலான ‘கெட்’ வாக்கியங்கள் பிடிபட்டுவிடும்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் கருத்து ஒன்றுதான்: முன்பு இல்லாத ஒரு நிலை இப்போது வந்து சேர்கிறது. ‘ஐ ஹேவ் எ ஜாப்’ என்றால் வேலை இருக்கிறது. ‘ஐ காட் எ ஜாப்’ என்றால் வேலை கிடைத்தது. ‘ஐ ஆம் டயர்ட்’ என்றால் களைப்பாக இருக்கிறேன். ‘ஐ காட் டயர்ட்’ என்றால் களைத்துப்போனேன். ‘ஐ ஆம் ஹோம்’ என்றால் வீட்டில் இருக்கிறேன். ‘ஐ காட் ஹோம்’ என்றால் வீடு வந்து சேர்ந்தேன். ‘ஹேவ்’, ‘பி’ இரண்டும் இருப்பைச் சொல்கின்றன. அந்த இருப்புக்கு வந்து சேர்ந்த நொடியைச் சொல்வது ‘கெட்’.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதைப் பிடிக்க நம் இலக்கணத்திலேயே ஒரு கைப்பிடி இருக்கிறது. ‘எனக்கு’ என்று தொடங்கி ‘வந்தது’, ‘கிடைத்தது’, ‘புரிந்தது’ என்று முடியும் வாக்கியங்களை எண்ணிப் பாருங்கள். எனக்குக் கடிதம் வந்தது. எனக்கு வேலை கிடைத்தது. எனக்குக் கோபம் வந்தது. எனக்குப் புரிந்தது. அவரைச் சந்திக்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. இவற்றில் எழுவாய் கடிதம், வேலை, கோபம், வாய்ப்பு போன்றவை. ஆள் நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறார். ஆங்கிலம் அந்த ஆளை முன்னால் இழுத்து எழுவாயாக்குகிறது: ‘ஐ காட் எ லெட்டர்’, ‘ஐ காட் எ ஜாப்’, ‘ஐ காட் ஆங்ரி’, ‘ஐ காட் இட்’, ‘ஐ காட் டு மீட் ஹிம்’. தமிழ் வாக்கியத்தை அப்படியே கொண்டுபோய் ‘ஆங்கர் கேம் டு மி’, ‘சான்ஸ் கேம் டு மி’ என்று சொன்னால் கேட்கிறவருக்கு அர்த்தம் புரியும், ஆனால் ஆங்கிலமாக ஒலிக்காது. நாக்கில் ‘எனக்கு… வந்தது’ என்ற வாக்கியம் எழும்போதெல்லாம் ‘ஐ காட்…’ பொருந்துகிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

இதற்கும் எல்லை உண்டு. ‘எனக்கு அவரைத் தெரியும்’, ‘எனக்குப் பசிக்கிறது’ ஆகியவை மாற்றத்தைச் சொல்லவில்லை, இருக்கும் நிலையைச் சொல்கின்றன. எனவே ‘ஐ நோ ஹிம்’, ‘ஐ ஆம் ஹங்ரி’. பசி எடுக்க ஆரம்பிக்கும்போதுதான் ‘ஐ ஆம் கெட்டிங் ஹங்ரி’. ‘எனக்கு நேரமாகிறது’ என்பதை இந்தியாவில் ‘ஐ ஆம் கெட்டிங் லேட்’ என்கிறோம். இங்கே எல்லோருக்கும் புரியும், ஆனால் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ ‘இட்ஸ் கெட்டிங் லேட்’ அல்லது ‘ஐ ஆம் ரன்னிங் லேட்’ என்பார்கள். முன்னது பொழுது சாய்ந்துவிட்டதைச் சொல்வது, பின்னது சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர முடியாததைச் சொல்வது.

பின்னால் பெயர்ச்சொல் வரும்போது ‘கெட்’ நம்முடைய கிடை, பெறு, வாங்கு, எடுத்து வா ஆகிய நான்கு வினைகளின் வேலையைச் செய்கிறது. எது என்பதைச் சூழல் சொல்லிவிடும். ‘வேர் டிட் யூ கெட் தட் ஷர்ட்?’ என்றால் எங்கே வாங்கினீர்கள். ‘கெட் மி எ சேர்’ என்றால் ஒரு நாற்காலி எடுத்து வா. தொலைபேசி அடிக்கும்போதோ யாராவது கதவைத் தட்டும்போதோ ‘ஐ வில் கெட் இட்’ என்றால் நான் போய்ப் பார்க்கிறேன் என்று பொருள். யாருக்காக என்பதைப் பின்னால் சொன்னால் ‘ஃபார்’ போட வேண்டும்: ‘கெட் எ காபி ஃபார் மி’. ‘கிவ்’வுக்கு ‘டு’ வருவதால் இங்கும் ‘டு மி’ என்று சொல்லிவிடுகிறார்கள், அது தவறு.

நோய் தொற்றுவதற்கும் ‘கெட்’தான்: ‘ஐ காட் எ கோல்ட்’ என்றால் சளி பிடித்தது. இப்போது சளி இருக்கிறது என்றால் ‘ஐ ஹேவ் எ கோல்ட்’ அல்லது ‘ஐ ஹேவ் காட் எ கோல்ட்’. ‘ஐ ஆம் ஹேவிங் ஃபீவர்’ என்பது நம் ஊர் வழக்கு. வெளியே ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’. குழந்தை பிறப்பதற்கு மட்டும் ‘ஷி காட் எ பேபி’ என்று சொல்ல வேண்டாம், ‘ஷி ஹேட் எ பேபி’தான் இயல்பு. ‘கெட்’ வருவது அதற்கு முந்தைய கட்டத்தில்: ‘ஷி காட் பிரெக்னன்ட்’.

புரிதல் என்ற பொருளில் ‘ஐ கெட் இட்’, ‘ஐ டோன்ட் கெட் தி ஜோக்’ என்று சாதாரண நிகழ்காலத்தில் வரும். ‘ஐ ஆம் நாட் கெட்டிங் யூ’ என்று ‘இங்’ சேர்ப்பது இந்திய வழக்கு. வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பேசும்போது ‘ஐ டோன்ட் ஃபாலோ’ அல்லது ‘குட் யூ சே தட் அகெய்ன்?’ என்பது பாதுகாப்பானது. ‘காட் இட்’ என்று தனியாகச் சொன்னால் ‘புரிந்தது’, ‘வந்து சேர்ந்தது’, ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். மின்னஞ்சலில் இந்த ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டால் எதிர்ப்பக்கம் குழம்பும்.

அடுத்தது நிலை மாற்றம்: நம் ‘ஆகு’, ‘போ’. நனைந்துபோனேன், ‘ஐ காட் வெட்’. இருட்டிக்கொண்டு வருகிறது, ‘இட்ஸ் கெட்டிங் டார்க்’. உடம்பு தேறி வருகிறது, ‘ஹி இஸ் கெட்டிங் பெட்டர்’. இந்த இடத்தில் ‘பிகம்’ என்றும் சொல்லலாம், அது கொஞ்சம் எழுத்துநடை. ஆனால் பின்னால் வருவது பெயர்ச்சொல் என்றால் ‘பிகம்’ கட்டாயம். ‘ஷி பிகேம் எ டாக்டர்’ என்றால் அவள் டாக்டர் ஆனாள். ‘ஷி காட் எ டாக்டர்’ என்றால் அவள் ஒரு டாக்டரை அழைத்து வந்தாள். கெட்டுப்போவது, குறைந்துபோவது போன்ற மாற்றங்கள் பலவற்றுக்கு ஆங்கிலம் ‘கோ’வைத் தேர்ந்தெடுக்கிறது: பால் கெட்டுப்போனது ‘தி மில்க் வென்ட் பேட்’, தலை வழுக்கையாகிப்போனது ‘ஹி வென்ட் பால்ட்’. நாமும் இந்த இடங்களில் ‘போ’ என்கிறோம் என்பதால் இது மனத்தில் எளிதில் தங்கும்.

கல்யாணம் ஆவதும் இந்த வகைதான்: ‘தே காட் மேரீட்’. யாரோடு என்று சொல்ல ‘டு’ வரும்: ‘ஷி காட் மேரீட் டு எ டீச்சர்’. தமிழின் ‘ஓடு’ உருபு நம்மை ‘வித்’ பக்கம் இழுக்கும், இடம் கொடுக்காதீர்கள். ‘கெட் யூஸ்ட் டு’ என்பதிலும் கவனம் தேவை. ‘ஐ காட் யூஸ்ட் டு டிரைவிங் அட் நைட்’ என்றால் இரவில் ஓட்டிப் பழகிவிட்டேன். ‘ஐ யூஸ்ட் டு டிரைவ் அட் நைட்’ என்றால் முன்பெல்லாம் இரவில் ஓட்டுவேன், இப்போது இல்லை. முதலாவதில் ‘டு’வுக்குப் பின் ‘இங்’ வடிவம், இரண்டாவதில் வெறும் வினை. இந்தச் சின்ன வேறுபாட்டில் பொருள் தலைகீழாகிவிடும்.

செயப்பாட்டு வினையாகவும் ‘கெட்’ வரும். நம் ‘படு’, ‘மாட்டிக்கொள்’ போன்றவற்றின் சாயல் இதற்கு உண்டு. ‘ஹி காட் காட்’ என்று தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. உச்சரிப்பில் இரண்டாவது நீண்டு ‘காஆட்’ போல ஒலிக்கும், பொருள் ‘அகப்பட்டுக்கொண்டான்’. ‘ஹி காட் ஃபயர்ட்’ என்றால் வேலையிலிருந்து நீக்கப்பட்டான். ‘ஷி காட் ஹர்ட்’ என்றால் அவளுக்கு அடிபட்டது. ‘பி’ வைத்துச் சொல்லும் செயப்பாட்டு வினைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ‘தி விண்டோ வாஸ் புரோக்கன்’ என்றால் ஜன்னல் உடைந்த நிலையில் இருந்தது என்றும் கொள்ளலாம், உடைக்கப்பட்டது என்றும் கொள்ளலாம். ‘தி விண்டோ காட் புரோக்கன்’ என்றால் உடைந்த நிகழ்ச்சி மட்டுமே. அதனால்தான் நிகழ்ச்சி இல்லாத இடத்தில் இது பொருந்தாது. ‘இந்த ஊர் மல்லிகைக்குப் பெயர் பெற்றது’ என்பதற்கு ‘இஸ் நோன் ஃபார்’தான், ‘காட் நோன்’ கிடையாது. பெரும்பாலும் எதிர்பாராததற்கும் தீங்கானதற்கும் இது வருகிறது. நல்லதற்கு வரவே வராது என்றில்லை: ‘ஐ காட் புரமோட்டட்’, ‘வி காட் பெய்ட்’ எல்லாம் அன்றாட ஆங்கிலம்தான்.

நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிற இடம், பிறரை வைத்துச் செய்விப்பது. தமிழில் ‘முடி வெட்டிக்கொண்டேன்’ என்றாலே சலூனில் வெட்டிக்கொண்டது புரிந்துவிடும். அதை ‘ஐ கட் மை ஹேர்’ என்று மொழிபெயர்த்தால் நீங்களே கத்தரிக்கோலை எடுத்து வெட்டிக்கொண்டதாகத்தான் கேட்பவர் நினைப்பார். சரியான அமைப்பு: ‘கெட்’, பிறகு பொருள், பிறகு வினையின் மூன்றாம் வடிவம். ‘ஐ காட் மை ஹேர் கட்’. பைக்கை சர்வீஸுக்கு விட்டு வாங்கினால் ‘ஐ காட் தி பைக் சர்வீஸ்ட்’. நகல் எடுக்கக் கொடுத்தால் ‘ஐ காட் தி டாக்குமென்ட்ஸ் காப்பீட்’. வரிசை முக்கியம். ‘ஐ காட் சர்வீஸ்ட் தி பைக்’ என்று பொருளைப் பின்னால் தள்ளினால் வாக்கியம் உடைந்துவிடும்.

செய்தவரைச் சொல்ல வேண்டுமென்றால் அமைப்பு மாறும்: ‘கெட்’, பிறகு ஆள், பிறகு ‘டு’, பிறகு வினை. ‘ஐ காட் தி மெக்கானிக் டு செக் தி பிரேக்’. இந்த ‘டு’வை விட்டுவிடுவதுதான் பொதுவான பிழை. ஏனென்றால் இதே பொருளில் வரும் ‘ஹேவ்’, ‘மேக்’ இரண்டுக்கும் ‘டு’ கிடையாது: ‘ஐ ஹேட் தி மெக்கானிக் செக் தி பிரேக்’, ‘ஐ மேட் ஹிம் செக் தி பிரேக்’. மூன்றும் ஒன்றல்ல. ‘மேக்’கில் வற்புறுத்தல் இருக்கிறது, அவருக்கு விருப்பமில்லாமல் செய்ய வைத்தேன். ‘ஹேவ்’வில் ஏற்பாடு மட்டும் இருக்கிறது, அது அவர் வேலை, சொன்னேன், செய்தார். ‘கெட்’டில் ஒரு முயற்சி இருக்கிறது: கேட்டு, சொல்லிப் பார்த்து, இணங்க வைத்துச் செய்வித்தேன். பிள்ளையைப் பால் குடிக்க வைக்கும் தாய் ‘ஐ ஃபைனலி காட் ஹர் டு டிரிங்க் இட்’ என்பார். அங்கே ‘மேட்’ போட்டால் மிரட்டிக் குடிக்க வைத்ததாகிவிடும். அலுவலகக் கடிதத்தில் சக ஊழியரைப் பற்றி ‘ஐ வில் மேக் ஹிம் கால் யூ’ என்று எழுதுகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ‘ஐ வில் ஹேவ் ஹிம் கால் யூ’ அல்லது ‘ஐ வில் ஆஸ்க் ஹிம் டு கால் யூ’ போதும்.

இயந்திரத்தை ஓட வைக்கும்போது ‘இங்’ வரும்: ‘ஐ காட் தி மோட்டார் ரன்னிங்’. நின்றுகிடந்தது மறுபடி ஓடத் தொடங்கியது என்று பொருள்.

இடத்துக்கு வருவோம். ‘ஹவ் டு ஐ கெட் டு தி ஸ்டேஷன்?’ என்றால் ஸ்டேஷனுக்கு எப்படிப் போவது. இடப்பெயருக்கு முன் ‘டு’ வேண்டும். ஆனால் ‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தேர்’ மூன்றுக்கும் ‘டு’ கூடாது: ‘கெட் ஹோம்’, ‘கெட் தேர்’. ‘ரீச்’ இதற்கு நேர்மாறு, அதற்கு எந்த இடத்திலும் ‘டு’ வராது. ‘ரீச்ட் டு சென்னை’ என்பது நம் ‘சென்னைக்கு’ என்ற உருபு செய்யும் வேலை. ‘காட் டு சென்னை’ அல்லது ‘ரீச்ட் சென்னை’, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

வண்டியில் ஏறி இறங்குவதில் ஒரு விதி உண்டு. உள்ளே எழுந்து நின்று நடக்கக்கூடிய வண்டி என்றால் ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’: பஸ், ரயில், கப்பல், விமானம். கால் இருபுறமும் போட்டு மேலே உட்காருவதற்கும் இதுவே: சைக்கிள், பைக், குதிரை. குனிந்து உள்ளே நுழைந்து நேராக இருக்கையில் உட்கார வேண்டியதென்றால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’: கார், டாக்ஸி, ஆட்டோ. பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு நாம் சொல்லும் ‘கெட் டவுன்’ இந்திய ஆங்கிலத்தில் ஊன்றிவிட்டது. உள்ளூரில் அதைத் தவறு என்று திருத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அங்கே ‘கெட் டவுன்!’ என்று யாராவது கத்தினால் தலையைத் தாழ்த்து, தரையோடு படு என்று பொருள். மரத்திலிருந்தோ சுவரிலிருந்தோ ஏணியிலிருந்தோ இறங்குவதற்கும் ‘கெட் டவுன்’ பொருந்தும்.

துணைச்சொல் சேர்ந்து வரும் மற்றவை ஏராளம். முழுப் பட்டியலைவிட, தவறினால் வம்பாகிவிடுபவற்றை முதலில் கற்பது பயன்தரும். ‘ஐ வில் கெட் பேக் டு யூ’ என்றால் விசாரித்துவிட்டுப் பதில் சொல்கிறேன். அதே இடத்தில் ‘டு’வுக்குப் பதில் ‘அட்’ வந்தால், ‘ஐ வில் கெட் பேக் அட் யூ’, உன்னைப் பழிவாங்குவேன் என்றாகிவிடும். ‘கெட் அவே’ என்றால் தப்பிப் போவது, ‘கெட் அவே வித்’ என்றால் தப்புச் செய்துவிட்டுத் தண்டனை இல்லாமல் தப்பிப்பது. ‘கெட் த்ரூ’ தேர்வில் தேறுவதையும் சொல்லும், தொலைபேசி இணைப்புக் கிடைப்பதையும் சொல்லும். ‘கெட் ஓவர்’ நோயிலிருந்தும் துக்கத்திலிருந்தும் மீள்வது. ‘கெட் பை’ கையில் இருப்பதை வைத்துச் சமாளிப்பது. ‘கெட் ஆன் வித்’, ‘கெட் அலாங் வித்’ இரண்டும் ஒருவரோடு ஒத்துப்போவது. ‘வாட் ஆர் யூ கெட்டிங் அட்?’ என்றால் சுற்றி வளைக்கிறாயே, என்ன சொல்ல வருகிறாய்? ‘கெட் அப்’ படுக்கையை விட்டு எழுவது. கண் விழிப்பது ‘வேக் அப்’. ‘கெட்-அப்’ என்று பெயர்ச்சொல்லாக்கினால் உடையும் தோற்றமும். நடிகரின் ‘கெட்டப்’ என்று தமிழ் சினிமாச் செய்திகளில் வருவது இதுதான்.

‘ஹேவ் காட்’ தனிக் கதை. ‘ஐ ஹேவ் காட் எ கார்’ என்றால் என்னிடம் கார் இருக்கிறது, அவ்வளவுதான்; வாங்கிய செய்தி அதில் இல்லை. ‘ஐ ஹேவ் காட் டு கோ’ என்றால் போயாக வேண்டும். பேச்சில் சுருங்கி ‘காட்டா’ ஆவது இதுவே. கேள்வி ‘ஹேவ் யூ காட்?’ அல்லது ‘டு யூ ஹேவ்?’. இரண்டையும் கலந்து ‘டு யூ ஹேவ் காட்?’ என்று கேட்கக் கூடாது. கடந்த காலத்துக்குச் சாதாரண ‘ஹேட்’ போதும்.

அமெரிக்கர்கள் இங்கே ஒரு வேறுபாட்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கிடைத்தது, ஆனது என்ற பொருளில் மூன்றாம் வடிவம் அவர்களுக்கு ‘காட்டன்’, பருத்தியைக் குறிக்கும் சொல்லைப் போல ஒலிக்கும், முதல் ஒலி மட்டும் ‘கெட்’டின் ஒலி. ‘ஐ ஹேவ் காட்டன் எ கார்’ என்றால் கார் வாங்கிவிட்டேன், ‘ஐ ஹேவ் காட் எ கார்’ என்றால் கார் இருக்கிறது. இதைப் புதிதாகப் புகுந்த அமெரிக்கச் சீர்கேடு என்று இங்கிலாந்தில் சிலர் முகம் சுளிப்பதுண்டு. உண்மையில் இது ஆங்கிலத்தில் முன்பிருந்தே வழங்கிய வடிவம். குடியேறியவர்களோடு அட்லாண்டிக்கைக் கடந்து அங்கே நிலைத்தது, இங்கிலாந்தின் பொதுவழக்கிலிருந்து பின்னர் மறைந்தது. ‘ஃபர்காட்டன்’ போன்ற சொற்களில் இரு பக்கமும் இன்னும் வாழ்கிறது. நீங்கள் எதைப் பின்பற்றினாலும் சரிதான், ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

சொல்லின் வரலாறும் சுவையானது. ‘கெட்’ வடதிசையிலிருந்து வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் மொழியில் இது ‘கெட்டா’. பழைய ஆங்கிலத்தில் இதன் உறவுச்சொல் முன்னொட்டுகளோடு மட்டும் வழங்கியது. அந்த வழியில் வந்தவைதான் மறப்பதைக் குறிக்கும் ‘ஃபர்கெட்’டும், பிள்ளை பெறுவதைக் குறிக்கும் ‘பிகெட்’டும். 1611 ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தில் மத்தேயு நூலின் தொடக்கத்தில் வரிசையாக வரும் ‘பிகேட்’ இந்தப் ‘பிகெட்’டின் பழைய இறந்தகால வடிவம்தான். அதே இடத்தில் தமிழ் விவிலியம் ‘ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான்’ என்கிறது. அடைவதற்கும் பிள்ளைப்பேற்றுக்கும் ‘பெறு’ என்ற ஒரே வேரை நாமும் வைத்திருக்கிறோம்.

உச்சரிப்பில் கவனிக்க வேண்டியது கடைசி ‘ட்’. தமிழில் சொல்லின் இறுதியில் வல்லின மெய் வராது என்பதால் ‘கெட்டு’ என்று உகரம் ஒட்டிக்கொள்ளும். அதைத் தவிர்க்க, நாக்கை மேலண்ணத்தின் முன்பகுதியில் வைத்து மூச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள், விடுவிக்க வேண்டாம். அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் அமெரிக்கர்கள் மெல்லத் தட்டிச் சொல்வதால் ‘கெட் இட்’ ‘கெடிட்’ போலவும், ‘கெட் அப்’ ‘கெடப்’ போலவும் கேட்கும். படங்களில் இவை புரியாமல் போவதற்குச் சொற்கள் தெரியாதது காரணமில்லை, இந்த ஒட்டுதல்தான் காரணம்.

எழுத்தில் எவ்வளவு பயன்படுத்தலாம்? பேச்சில் இதைத் தவிர்க்க முயன்றால் பேச்சு விறைத்துப்போகும், தாராளமாகப் பயன்படுத்துங்கள். விண்ணப்பம், ஆய்வுக் கட்டுரை, சட்டக் கடிதம் ஆகியவற்றில் மட்டும் இன்ன பொருள் என்று குறிப்பாகச் சொல்லும் வினையைப் போடுங்கள்: கடிதம் வந்ததற்கு ‘ரிசீவ்ட்’, முயன்று பெற்ற அனுமதிக்கு ‘அப்டெய்ன்ட்’, நிலை மாற்றத்துக்கு ‘பிகேம்’, ஊர் சேர்ந்ததற்கு ‘அரைவ்ட்’, செயப்பாட்டு வினைக்கு ‘வாஸ்’. செய்விப்பதற்கு ‘ஹேவ்’ பொருந்தும்: ‘வி ஹேட் தி சாம்பிள்ஸ் டெஸ்டட்’. ஆனால் ‘அப்டெய்ன்’ முயற்சியைக் குறிக்கும் சொல் என்பதால், தானாக வந்து சேர்ந்த கடிதத்துக்கோ காய்ச்சலுக்கோ அதைப் போடாதீர்கள்.